பெயர் கடைசியில் வரட்டும்

சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தில் வளரும் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் குளிப்பாட்டுகிற கைதான். சோப்பு போடும்போது விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்படும். இல்லையென்றால், போன மாதம் சரியாக இருந்த கால்சட்டை இந்த மாதம் இடுப்பில் ஏறாது. பிள்ளை வழக்கம்போல் ஓடும், சாப்பிடும், தூங்கும். சிலருக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கும்; குழந்தைக்கு அதை அளந்து பார்க்கிற பழக்கம் நம் ஊரில் குறைவு. சிறுநீரில் இரத்தம் போவது சிலருக்குத்தான். அதனால் வீட்டில் வேறு காரணங்கள் முந்திக்கொள்ளும்: பூச்சி, மாந்தம், உப்புசம். தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோய், எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிட்டுப் பிறகு எங்களிடம் வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் இனிமேல் யாரும் வயிற்றை அமுக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுவேன். இந்தக் கட்டியைச் சுற்றியுள்ள உறை மெல்லியது. அது கிழிந்தால் வயிற்றறைக்குள் செல்கள் சிதறும். நோயின் நிலை ஒரே நாளில் மாறி, சிகிச்சையும் கடுமையாகிவிடும். வார்டில் பயிற்சி டாக்டர்கள் வரிசையாக வந்து அழுத்திப் பார்ப்பதற்கும் அதே தடைதான்.

நான் குழந்தைகளுக்கு ஸ்கேன் பார்க்கும் ஊடுகதிர் மருத்துவர். எனக்கு வரும் சீட்டில் பல நேரம் 'இடது பக்கம் வீக்கம், மண்ணீரலா?' என்று எழுதியிருக்கும். கேள்விக்குறியோடு வரும் சீட்டு எனக்குப் பிடிக்கும். அனுப்பியவர் திறந்த மனதோடு அனுப்பியிருக்கிறார் என்று பொருள். என்னிடம் படிக்கும் முதுநிலை மாணவர்கள் அப்படியில்லை. திரையில் உருண்டை தெரிந்த மாத்திரத்தில் "வில்ம்ஸ், மேடம்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது வில்ம்ஸ் கட்டிதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் பத்தாவது பிள்ளைக்காகத்தான் அவர்களைப் பெயரைக் கடைசியில் சொல்லச் சொல்கிறேன். மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கும்கூட, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அறுவை மருத்துவர் கத்தியை எடுக்க முடியாது.

ஜெர்மன் அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் இந்தக் கட்டிகளை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதியது 1899இல். ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள். வில்ம்ஸ் பார்த்தது அறுத்தெடுத்த கட்டியையும் அதன் திசுவையும். நாங்கள் உயிரோடு ஓடியாடும் பிள்ளையின் வயிற்றுக்குள் பார்க்கிறோம். எங்கள் கேள்விகளும் அவருடைய கேள்விகளும் வேறாக இருப்பதற்கு அதுவே காரணம்.

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, மயக்கமருந்து வேண்டாம், தாலுகா ஆஸ்பத்திரியிலும் கருவி இருக்கிறது. கருவியைவிடப் பிள்ளையைக் கையாளும் விதம் முக்கியம். ஜெல்லை வெதுவெதுப்பாக்கி வைக்க வேண்டும். ஜில்லென்று வயிற்றில் பட்டால் அன்றைய பரிசோதனை அதோடு சரி. பிள்ளையை அம்மாவின் மடியிலேயே சாய்த்துக்கொள்ளலாம். எதைப் பார்ப்பதற்கு முன்பும் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஜெல் பட்டதும் பிள்ளை மூத்திரம் போய்விடும். பிறகு காலியான பையில் இரத்தக்கட்டி இருந்ததா, கட்டியின் வால் உள்ளே நீண்டிருந்ததா என்று தேடிப் பயனில்லை. அதன்பின் நல்ல பக்கத்துச் சிறுநீரகம். கட்டி இருக்கும் பக்கம் கடைசியில்தான். மாணவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள்: பெரிய கட்டி கண்ணை இழுத்துவிடும், அதை அளந்து முடிப்பதற்குள் பிள்ளை வீறிட ஆரம்பித்துவிடும், மறுபக்கம் அவசரத்தில் பார்க்கப்படும்.

கட்டிக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எங்கிருந்து முளைத்தது என்பது. சிறுநீரகத்துக்குள்ளிருந்து வளர்ந்த கட்டி என்றால், மிச்சமிருக்கும் நல்ல சிறுநீரகத் திசு அதன் ஓரத்தை நண்டுக் கொடுக்கு கவ்வியதுபோல இரு பக்கமும் பிடித்திருக்கும். அந்தக் கொடுக்கின் நுனியைத் தேடிப் புரோப்பை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். சில பெரிய கட்டிகளில் நல்ல திசு ஒரு மெல்லிய கீற்றாகத்தான் மிஞ்சியிருக்கும். பொறுமை இல்லாவிட்டால் தவறிவிடும். சிறுநீரகம் முழுசாக இருந்து, கீழேயும் வெளியேயும் தள்ளப்பட்டிருந்தால் கட்டி வேறெங்கோ பிறந்தது. பெரும்பாலும் அட்ரினல் சுரப்பியில் எழும் நியூரோபிளாஸ்டோமாவாக இருக்கும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் தலைமுறை இதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடியது. சாயத்தை நரம்பில் ஏற்றி, அது சிறுநீரகத்தில் இறங்குவதை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே இருக்கும் கிண்ணங்கள் கோணியும் விரிந்தும் கிடந்தால் கட்டி உள்ளே, கிண்ணங்களின் அமைப்பு கெடாமல் சிறுநீரகம் மொத்தமாக இறங்கியிருந்தால் கட்டி வெளியே என்று படித்தார்கள். கட்டியையே பார்க்காமல், கட்டி செய்த வேலையைப் பார்த்து முடிவெடுத்த பார்வை அது. அந்தப் பழக்கம் சிடி யுகத்திலும் விட்டுவிடக் கூடாத ஒன்று.

அல்ட்ராசவுண்டுக்கு மட்டுமே உள்ள ஒரு வசதி அசைவு. பிள்ளை மூச்சு விடும்போதும் அழும்போதும் கல்லீரலும் கட்டியும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சென்றால் இரண்டும் தனித்தனி. ஒன்றாகவே ஏறி இறங்கினால் ஒட்டியிருக்கலாம். சிடியில் பல நேரம் கட்டி கல்லீரலுக்குள் புகுந்ததுபோலத் தெரியும். அறுவையில் பார்த்தால் வெறுமனே அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் அழுகிற பிள்ளையைக் கண்டு நான் சலித்துக்கொள்வதில்லை. நன்றாக அழட்டும், அந்த நேரத்தில் கல்லீரலின் ஓரத்தில் புரோப்பை வைத்துப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி இரத்தக்குழாய்களைப் பற்றியது. நியூரோபிளாஸ்டோமா குழாய்களைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். பெருந்தமனியை முதுகெலும்பிலிருந்து முன்பக்கமாகத் தூக்கிவிடும். சிடியில் அதற்குள் சுண்ணாம்புப் படிவு பெரும்பாலும் தெரியும். வில்ம்ஸ் கட்டியில் அது பத்தில் ஒன்று என்ற அளவில்தான். வில்ம்ஸ் குழாய்களை வளைக்காமல் ஒதுக்கித் தள்ளும். ஆனால் அதற்கென்று ஒரு குணம் உண்டு: சிறுநீரகச் சிரைக்குள் புகுந்து, அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வழியாக மேல்நோக்கி வளரும். நூற்றில் நான்கு முதல் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டி கீழ்ப்பெருஞ்சிரையை எட்டியிருக்கும்; அபூர்வமாக இதயத்தின் வலது மேலறைக்குள்ளேயே நுனி அசைந்துகொண்டிருக்கும். அறுவை மருத்துவருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. நுனி கல்லீரல் சிரைகளுக்குக் கீழே நிற்கிறதா மேலே போய்விட்டதா என்பதை வைத்து, முதலில் கீமோவா அறுவையா, இதய அறுவைக் குழு பக்கத்தில் இருக்க வேண்டுமா என்பதெல்லாம் முடிவாகும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரை வைத்துச் சிரையை இடுப்பிலிருந்து இதயம்வரை ஒரே நூலாகப் பின்தொடர வேண்டும். பெரிய கட்டி அழுத்தியதில் சிரை நசுங்கிக் காணாமல் போவதும், உள்ளே அடைத்திருப்பதும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பிள்ளையைக் கொஞ்சம் மறுபக்கம் ஒருக்களிக்க வைத்தால் நசுங்கிய சிரை திறந்துகொள்ளும். அடைத்த சிரை திறக்காது.

மூன்றாவது, மறுபக்கச் சிறுநீரகம். நூற்றில் ஐந்து முதல் ஏழு பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் கட்டி இருக்கும். அதோடு, கருவில் சிறுநீரகம் உருவானபோது முதிராமல் தங்கிவிட்ட திசுத் தீவுகளும் சிலருக்கு இருக்கும். அவை கட்டி அல்ல. ஆனால் கட்டியாக மாறக்கூடியவை. சிறுநீரகத்தின் விளிம்பில் தட்டையாக, ஒரே சீரான நிறத்தில் கிடக்கும். அல்ட்ராசவுண்டில் எளிதில் மறைந்துகொள்ளும். சாயம் ஏற்றிய சிடியிலும் எம்ஆர்ஐயிலும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். மறுபக்கத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் அறுவையின் திட்டமே மாறிவிடும். ஒரு சிறுநீரகத்தை முழுசாக எடுத்துவிடலாம் என்றிருந்தவர்கள், இரண்டிலும் எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். அந்தப் பிள்ளை எழுபது வயதுவரை வாழ வேண்டுமே.

நான்காவது கேள்விக்கு ஸ்கேன் கருவி தேவையில்லை: பிள்ளைக்கு என்ன வயது? பிறந்து மூன்று மாதத்துக்குள் சிறுநீரகத்தில் திடமான கட்டி என்றால், வில்ம்ஸைவிட மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமாவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். 1967இல் நோய்க்குறியியல் மருத்துவர் பொலாண்டே அதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். பெரும்பாலும் அறுவை ஒன்றே போதும். அந்த வயதில் வயிறு வீங்கியிருப்பதற்கு அதைவிட மிகச் சாதாரணமான காரணம், சிறுநீர் தேங்கி விரிந்த சிறுநீரகம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் சிறுநீரகத்தின் உறைக்கு உள்ளே பிறை வடிவில் திரவம் தெரிந்து, இரத்தத்தில் கால்சியமும் கூடியிருந்தால் ராப்டாய்டு கட்டியோ என்று சந்தேகம் வரும். உடனே மூளையையும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கேயும் கட்டி இருக்கலாம். எலும்புக்குப் பரவியிருந்தால் தெளிசெல் சார்கோமாவை நினைக்க வேண்டும். வில்ம்ஸ் எலும்புக்குப் போவது அரிது. இரண்டு முதல் ஐந்து வயதுவரை வில்ம்ஸின் காலம். பத்து வயதைத் தாண்டினால் பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயும் பட்டியலில் ஏறிவிடும். நாள்பட்ட கிருமித்தொற்றில் சிறுநீரகம் வீங்கி, அச்சு அசலாகக் கட்டிபோலவே காட்சி தருவதும் உண்டு. காய்ச்சல் எத்தனை நாளாக, உள்ளே கல் இருக்கிறதா, சிறுநீரில் சீழ் போகிறதா என்று கேட்காமல் படத்தை மட்டும் நம்புகிறவர் அங்கே ஏமாந்துபோவார்.

இந்த நான்குக்கும் விடை எழுதிய பிறகு பெயரைச் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

இத்தனை கறாராக நான் இருப்பதற்குக் காரணம், இந்த நோயில் படத்துக்கு இருக்கும் அதிகாரம். பெரியவர்களின் புற்றுநோயில் ஊசி போட்டுத் திசு எடுத்து, அதன் முடிவு வந்த பிறகுதான் மருந்து. இங்கே அப்படியில்லை. உலகில் இரண்டு வழிமுறைகள் உண்டு. 1969இல் தொடங்கிய அமெரிக்கக் கூட்டாய்வின் மரபில், முடிந்தால் முதலில் அறுவை செய்து, எடுத்த திசுவைப் பார்த்துப் பிறகு கீமோ. 1970களில் சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய்ச் சங்கம் தொடங்கிய ஐரோப்பிய மரபில், முதலில் சில வாரங்கள் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை. இரண்டிலும் வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்துவிடுகிறார்கள். கட்டி பெரிதாகிவிட்ட பிறகே பிள்ளைகள் வந்து சேரும் நம்மூரில் பல மையங்கள் ஐரோப்பிய வழியைத்தான் பின்பற்றுகின்றன. அதில், வயதும் படமும் வில்ம்ஸுக்கு ஒத்துப்போனால் பயாப்சி இல்லாமலேயே வின்கிரிஸ்டினும் ஆக்டினோமைசினும் தொடங்கிவிடும். அதாவது என் அறிக்கையை நம்பி ஒரு பிள்ளையின் நரம்பில் மருந்து ஏறுகிறது. ஆறு மாதம்கூட நிரம்பாத குழந்தைக்கு நேராக அறுவை. ஏழு வயதைத் தாண்டியிருந்தாலோ படம் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ ஊசித் திசுவைப் பற்றி யோசிப்பார்கள். எந்தப் படம் வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல வேண்டியவளும் நான்தான். சந்தேகத்தை எழுதாமல் விட்டால் தவறான பிள்ளைக்குக் கீமோ போகும். காரணமில்லாமல் சந்தேகத்தை எழுதினால், தேவைப்படாத ஊசி கட்டியைக் குத்தும்.

வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அதைப் பயிரிட்டு, இலையும் வேரும் ஏற்றுமதியாகின்றன. எங்கள் வார்டில் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வயலில் நிற்கும் செடியின் சத்துதான் பாட்டிலில் இருக்கிறது என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு, மருந்தின் மேல் இருந்த பயம் கொஞ்சம் குறையும்.

அடுத்தது சிடியா, எம்ஆர்ஐயா? எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை; இரண்டு பக்கமும் கட்டி உள்ள பிள்ளைக்கும் தங்கிவிட்ட திசுத் தீவுகளுக்கும் அதுதான் நல்லது. ஆனால் நேரம் பிடிக்கும், சின்னப் பிள்ளைக்கு மயக்கம் வேண்டும், வரிசையும் நீளம். சிடி சில நொடிகளில் முடிந்துவிடும். சிடி எடுப்பதென்றால் சாயம் ஏற்றிய பிறகு ஒரே ஒரு ஓட்டம் போதும். சாயம் இல்லாமல் ஒன்று, தமனியில் ஒன்று, சிரையில் ஒன்று, பிந்தி ஒன்று என்று பெரியவர்களுக்குப் போடும் வழக்கத்தைக் குழந்தைக்கும் போட்டால், விடை அதேதான், கதிர்வீச்சு மட்டும் நான்கு மடங்கு. குழந்தைகளுக்கான கதிர்வீச்சைக் குறைக்க 'இமேஜ் ஜென்ட்லி' என்ற இயக்கம் 2008இல் தொடங்கியது. அதன் பிறகும் வெளியிலிருந்து வரும் சில குறுந்தகடுகளில் தேவைக்கு மேல் ஓட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. டெக்னீஷியன் தம்பிகளிடம் எடையையும் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தையும் (கேவி) பற்றி நான் அடிக்கடி கேட்பது, "பிள்ளையோட எடை என்ன, கேவி எவ்வளவு வச்சிருக்கீங்க?"

வில்ம்ஸ் முதலில் பரவும் இடம் நுரையீரல். அதனால் மார்பு சிடியையும் அறுவைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அறுவைக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, நீரும் கோத்திருக்கும். அதில் சின்ன முடிச்சுகளைத் தேட முடியாது. மயக்கத்தில் எடுத்தாலும் பின்பக்கம் சுருங்கி ஏமாற்றும். இப்போதைய ஐரோப்பிய வழிமுறையில் 3 மி.மீ. முடிச்சைக்கூடப் புற்று பரவியதாகக் கணக்கில் எடுக்கிறார்கள். காசநோய் இன்னும் ஓயாத நம் நாட்டில் ஒவ்வொரு புள்ளியையும் புற்றின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. சுண்ணாம்பு படிந்ததா, விளிம்பு எப்படி, பக்கத்தில் நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்து எழுத வேண்டும்.

கட்டியின் அளவை மூன்று திசையிலும் எடுத்துப் பெருக்கி, 0.523ஆல் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். 12 செ.மீ. நீளம், 10 அகலம், 9 ஆழம் என்றால் சுமார் 565 மி.லி. கீமோவுக்குப் பிறகு அது 8, 7, 6 ஆகக் குறைந்தால் 176 மி.லி. 'நன்றாகச் சுருங்கியிருக்கிறது' என்று வார்த்தையில் எழுதுவதைவிட இந்த எண் உதவும். கீமோவுக்குப் பிறகும் 500 மி.லி.க்குக் கீழே வராத சில வகைக் கட்டிகளுக்கு மருந்தைக் கூட்டுவார்கள். ஆனால் சுருங்காதது எல்லாம் மோசமான கட்டி என்று நினைத்துவிடக் கூடாது. இணைப்புத் திசு மிகுந்த வகை கீமோவுக்கு அசைந்தே கொடுக்காது. சில நேரம் பெரிதாகக்கூட ஆகும். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். பிள்ளையின் எதிர்காலத்தைக் கூடுதலாகத் தீர்மானிப்பது அனாபிளாசியா என்ற செல் கோளாறு. அது நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சமாச்சாரம். எத்தனை விலை உயர்ந்த கருவியில் எடுத்தாலும் படம் அதைச் சொல்லாது.

பரிசோதனை முடிந்து ஜெல்லைத் துடைக்கும்போது ஏதாவது ஓர் அப்பத்தா கேட்பார்: "கட்டின்னா அந்தக் கட்டியா, டாக்டரம்மா?" அந்த நேரத்தில் 'ஒன்றுமில்லை' என்று சொல்வது பொய், நோயின் பெயரைச் சொல்லிக் கையில் சீட்டைக் கொடுத்து அனுப்புவது கைவிடுவது. "சிறுநீரகத்துல ஒரு கட்டி இருக்கும்மா. என்ன வகைன்னு முடிவா சொல்ல இன்னும் பாக்க வேண்டியது இருக்கு. பிள்ளைங்களுக்கு வர்ற கட்டியில நல்லா குணமாகிறதும் நிறைய. ஆனா நாள் கடத்தக் கூடாது, நாளைக்கே பெரிய டாக்டரப் பாத்துருங்க. வயித்த யாரும் நீவ வேண்டாம்." இவ்வளவுதான் சொல்வேன். பிறகு நானே குழந்தைப் புற்றுநோய் மருத்துவருக்குப் போன் செய்து, அவர்கள் போய்ச் சேரும் நேரத்தையும் சொல்லிவிடுவேன்.

கட்டி வருவதற்கு முன்பே எங்களிடம் வரும் பிள்ளைகளும் உண்டு. கண்மணியைச் சுற்றியுள்ள நிறவளையம் இல்லாமல் பிறந்தவர்கள், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பெருத்தவர்கள், பிறக்கும்போதே நாக்கு பெரிதாக இருந்த பெக்வித் வீடமன் நோய்க்குறி உள்ள பிள்ளைகள். இவற்றில் முதல் இரண்டு அடையாளங்களுக்கும் வில்ம்ஸுக்கும் உள்ள உறவை மில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1964இல் எடுத்துக்காட்டினார்கள். இவர்களுக்கு ஏழு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட். இந்தக் கட்டி வேகமாக வளரும். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று இடைவெளி விட்டால் பார்ப்பதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது என்று பெற்றோர் அலுத்துக்கொள்ளும்போது, இந்தக் கணக்கை நிதானமாக விளக்குவதும் என் வேலையில் சேர்த்தி.

அறுவை முடிந்து சிறுநீரகம் நோய்க்குறியியல் துறைக்குப் போகும் நாளில், முடிந்தவரை நானும் அங்கே போய்விடுவேன். அவர்கள் கட்டியை வெட்டும் வாக்கில் என் படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, நான் கொடுக்கு என்று எழுதிய இடம், சிரைக்குள் நுழைந்தது என்று எழுதிய இடம், அழுகிய பகுதி என்று எழுதிய இடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்போம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. படம் எங்கே நிற்கிறது, நுண்ணோக்கி எங்கே தொடங்குகிறது என்பது அந்த மேசையில்தான் தெளிவாகும்.

என் அறிக்கைகளின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: 'வகையைத் திசுப் பரிசோதனையே உறுதி செய்யும்.' அது தப்பித்துக்கொள்ள எழுதும் வரி என்று இளம் மருத்துவர்கள் சிலர் நினைக்கிறார்கள். மேலே எதையும் பார்க்காமல் அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் அது உண்மையும்கூட. எங்கிருந்து முளைத்தது, எந்தச் சிரையில் எதுவரை ஏறியது, மறுபக்கம் எப்படி, நுரையீரலில் என்ன, கொள்ளளவு எத்தனை என்று முழுசாக எழுதி முடித்தவருக்குத்தான் அந்த வரியை எழுதும் உரிமை உண்டு.